மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்

நிறுத்தி வைத்த கார் சத்தம் போட்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, சார். ஓடி வந்த சூடு ஆறும்போது பிரேக் தகடு டிக் டிக் என்று முனகும். மழையில் நனைந்து நின்ற வண்டியை மறுநாள் நகர்த்தினால், துருப் பிடித்த சக்கரம் ஒரு முறை கிறீச்சிட்டுவிட்டு அடங்கிவிடும். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை இதைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஸ்பேனரைக்கூடத் தொடாமல் அனுப்பியதால்தான் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

என் தங்கையின் கணவர் எல்லோரையும்விட அதிகமாக என்னை நம்பினார். மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே குணம்தான். கொசு தும்மினால்கூட மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று பட்டறையில் கேலி செய்வோம். அவர் வீட்டு வாசல் நல்ல சரிவு. கேட்டிலிருந்து மேலே ஏறி, முன்பக்கம் வீட்டைப் பார்க்க வண்டியை நிறுத்துவார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, அதுவும் போதாமல் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லையும் வைப்பார். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று, ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அந்தக் கல்லுக்கு அடித்திருந்தார். நல்ல மனிதர்தான். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தங்கையை வளர்த்தது நான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குத் தலை வாரிக்கொள்ளக்கூடத் தெரியாது. கிரீஸ் கையைக் கழுவிவிட்டு நான்தான் பின்னிவிடுவேன். கல்யாணம் பேசும்போதே, பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையும் சரியென்றார். பிறகு அவருக்குத் தூரத்து ஊரில் பெரிய வேலை கிடைத்தது. காரில் கிளம்பினால் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். தங்கை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பெட்டி கட்டினாள். உள்ளுக்குள் அவளுக்கு விருப்பமே இல்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புது இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், வண்டிய நிறுத்திட்டு உள்ள போயிடுறேன். கொஞ்ச நேரம் கழிச்சு பின் சக்கரத்துல கிர்ருனு ஒரு சத்தம். ஆளே இல்லாத வண்டி எதுக்கு சத்தம் போடணும்?"

சரியான கேள்வி. அவர் வீட்டுக்கே போய், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அவர் குனிந்து எனக்கு டார்ச் பிடித்தார். ஹேண்ட் பிரேக் கேபிள் பிரிந்துபோய், மிச்சம் இருந்த சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கியரும் கல்லும்தான் வண்டியை நிறுத்தி வைத்திருந்தன. பிரேக் பிடி நழுவும்போதெல்லாம் சக்கரம் பிரேக்கில் உரசிக்கொண்டே கொஞ்சம் அசைந்து கல்லில் சாய்ந்திருக்கிறது. அவர் கேட்ட சத்தம் அந்த உரசல்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"சூடு ஆறுது மாப்ளே. வேற ஒன்னுமில்ல."

அவர் முகம் தெளிந்துவிட்டது. பயந்த மனிதருக்கு நிம்மதி கொடுப்பது தப்பில்லையே. சரிவில் கியரோடு நிறுத்தினால் பல் தேய்ந்துவிடும், இனிமேல் நியூட்ரலில் விடுங்கள் என்றும் சொன்னேன். டாக்டர் சொன்ன மாத்திரையைப் போல அதையும் ஏற்றுக்கொண்டார். கல் மட்டும் இருக்கட்டுமே என்று தயங்கினார். தாராளமாக இருக்கட்டும் என்றேன்.

கிளம்புகிற நாள் காலையில் உதவிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பெட்டி தூக்கி வருகிறவர்களுக்குக் கால் தடுக்கக் கூடாதென்று கல்லை எடுத்து என் வேனில் போட்டேன். முதலில் விசாரித்தபோது கல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வண்டியின் டிக்கி ஓங்கி அறைந்தால்தான் மூடும். பூட்டை மாற்றித் தருகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன் நான்தான். தங்கை அடுப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். மாப்பிள்ளை கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு டிக்கியை அறைந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கேட் தூண் இருந்தது.

டிங் என்று ஒரு இழை அறுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு அந்தக் கிர்ர். அவருக்கும் கேட்டது. வண்டியைப் பார்க்கவில்லை சார், பக்கவாட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

"மச்சான், அதே சத்தம்."

நகருங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பார், என் பேச்சை அவர் தட்டியதே கிடையாது. என் பதிலுக்காக அங்கேயே காத்துக்கொண்டு நின்றார்.

"ஒன்னுமில்ல மாப்ளே" என்றேன்.

கேபிள் அறுந்த விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன், கேபிள் அறுந்தது உண்மைதானே. காரியம் எல்லாம் முடிந்த பிறகு தங்கையை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுடைய பழைய அறையை அப்படியே வைத்திருந்தேன். சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தொழில் பழக்கம் பொல்லாதது. இன்று காலை யாருடைய வண்டியையோ ஜாக்கியில் ஏற்றும்போது, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேனுக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டேன். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். வீட்டுச் சாவி வாங்க வந்த தங்கை அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இது எங்க வீட்டுக் கல்லு. அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

நான் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இறுகிவிட்ட நட்டு அது. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. எழுந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று தெரியாது. சாப்பிடாமல் எங்காவது போய் உட்கார்ந்துகொள்வாள், பொழுது சாய்ந்தால் தானாக வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கல்லை எடுத்தது நான், கேபிளைப் பார்த்தும் மறைத்தது நான், அவரை அங்கேயே நிற்க வைத்ததும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள், சார். தங்கை வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது.