தொண்டையில் குழாய் வேண்டாம் என்று எழுதிய தாள்

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.40 மணிக்குக் காவல் நிலையத்தில், புரூனோ என்பவர் கொடுத்த புகாரின் பேரில், உதவி ஆய்வாளர் தெட்சிணாமூர்த்தி விசாரிக்க, பெண் காவலர் மாரிக்கண்ணு எழுதிக்கொண்டது.

என் பெயர் ஆன்தோனெத். வயது 63. கணவர் பெயர் லூசியன், வயது 71. காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு ராணுவச் சிப்பாயை இங்கே சொல்தா என்பார்கள், ஊரில் சொல்தா வீடு என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவருக்குப் பரம்பரையாக வந்தது, எனக்குக் கல்யாணத்தால் வந்தது. ஒரே மகள் ஆலிசியா பிரான்சில் இருக்கிறாள். எனக்கு பிரெஞ்சு காதில் விழுந்தால் கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

புகார் கொடுத்த புரூனோவுக்கு வயது 60. பாரிசில் தபால் துறையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கான சங்கத்தின் தலைவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். வருடா வருடம் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று பிரான்சுக்குச் சான்று அனுப்பினால்தான் பென்ஷன் நிற்காமல் வரும். அந்தப் படிவங்களை நிரப்பித் தருபவர் அவர். அதனால் அவர் நீட்டுகிற தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பழக்கம். எனக்கும்தான். அந்த முட்டாள்தனத்தில் என் பங்கு எனக்குத் தெரியும்.

2023 ஆகஸ்டில் என் கணவரின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. அதன் பிறகு புதுச்சேரியில் காட்டியதில் மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். கை, கால், பேச்சு, விழுங்குவது என்று ஒவ்வொன்றாகப் போகும், கடைசியில் மூச்சு போகும், அறிவு மட்டும் முழுசாக இருக்கும் என்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது சிதம்பரம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "என்னைய மெஷின்ல மாட்டிப் போட்டுடாத. மூச்சு நின்னா நிக்கட்டும்" என்றார். நான் சரி என்றேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிச் சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை.

அதன் பிறகு 2024 ஜூனில், எங்கள் வீட்டுப் பத்திர வேலை பார்த்த வக்கீல் நூர் அகமதிடம் இதைச் சொன்னேன். அவர் நோட்டரியும் கூட. குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க இந்தியாவில் வழி இருக்கிறது, இரண்டு சாட்சி வேண்டும், நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்திட வேண்டும் என்றார். "அண்ணனால வர முடியாட்டி நானே வீட்டுக்கு வர்றேன்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அந்த வார்த்தையை இந்த இருபது நாளில் எத்தனை தடவை நினைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

மறுநாள் புரூனோ வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நோட்டரி எல்லாம் இந்தியாக்காரங்களுக்குக்கா. நமக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அங்க இதுக்குன்னு படிவமே இருக்கு, சாட்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நம்ம சங்கத்து சீல் வச்சுத் தர்றேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

படிவம் வந்தது. வலது கை விளங்காததால் என் கணவர் இடது கையால், ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதினார். என்ன எழுதுறீங்க என்று கேட்டேன். "இது உனக்கில்லடி, டாக்டருக்கு" என்றார். புரூனோ சீல் வைத்து ஒரு பிரதியை எங்களிடம் கொடுத்துவிட்டு அசலைச் சங்கத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். நூர் அகமதிடம் நான் திரும்பப் போகவில்லை.

இந்த வருடம் ஜூனில் பேச்சு நின்றது. அக்டோபர் 27 காலை ஏழு மணிக்கு, நல்ல மழை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் புரையேறி மூச்சு அடைத்தது. 108-இல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். தாளைப் பாலிதீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். பணியில் இருந்தவர் டாக்டர் அல்லி. அவரிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷைம்மா?" என்றார். குழாய் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்றேன். "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா சாட்சி இல்ல, நோட்டரி இல்ல, படிக்கிற மாதிரியும் இல்ல. இத வச்சுக்கிட்டு நான் சும்மா நிக்க முடியாதும்மா" என்றார். புரூனோவுக்கு பதினோரு முறை போன் போட்டேன். பதினோராவது முறை எடுத்தார். நான் கத்தியதைக் கேட்டுவிட்டு, "பிரான்சு ஆஸ்பத்திரில இது செல்லும்க்கா" என்றார். நான் வரிச்சிக்குடிக்காரி, பிரான்சுக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று அவர் சொல்கிறார்.

அதற்குள் என் கணவரின் இதயம் நின்று, மறுபடி ஓட வைத்து, தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்ததால் இனி நினைவு திரும்பாது என்றார்கள். டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை, அவருக்கு வேறு வழியில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்க்கவில்லை. ராணுவத்தில் இருந்த நாளிலிருந்து அவர் மீசையைத் தன் கையால்தான் கத்தரிப்பார், நோய் வந்த பிறகு நான். பிளாஸ்திரி ஒட்டுவதற்காக அதில் பாதியை மழித்துவிட்டார்கள். இருபது நாளாக அரை மீசையோடு கிடக்கிறார்.

அதன் பிறகு டாக்டர் அல்லி, செல்லுபடியாகும் தாள் இல்லாவிட்டாலும், வீட்டார் சம்மதித்து, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சரி என்றால் மெஷினை நிறுத்தலாம் என்று விளக்கினார். மகள் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டாள். முதல் குழு பார்த்துவிட்டது.

இன்று காலை பத்தரை மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். தீராத நோயாளி சாக உதவி கேட்கலாம் என்று பிரான்சில் பாராளுமன்றத்தில் இருக்கிற சட்ட மசோதாவைப் பற்றி நம் ஆட்கள் கருத்துச் சொல்லி மனு அனுப்புவதாக ஏற்பாடு. எனக்கு அழைப்பு இல்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரைப் பார்த்தேன். "கண்ணியமான மரணம், நம் உரிமை" என்று எழுதி, என் கணவரின் ராணுவ உடுப்புப் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். பென்ஷன் கோப்புக்கென்று புரூனோ என் ஆல்பத்திலிருந்து வாங்கிப் போன படம் அது. அதில் மீசை முழுசாக இருந்தது. நான் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒருவர் எழுந்து, உயிர் கர்த்தர் கொடுத்தது, எடுக்க நாம் யார் என்றார். இன்னொருவர், வலி அவருக்கா உங்களுக்கா என்று கேட்டார். ஒரு அம்மாள், சட்டம் வந்தால் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழங்களை வீட்டிலேயே பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்றாள். அவள் பயத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் பேசுவது நோயாளி கேட்டால் சாக மருந்து கொடுப்பதைப் பற்றி. என் கணவர் மருந்து கேட்கவில்லை. தன் பாட்டில் போகிறவரைப் பிடித்து நிறுத்தாதீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். அதற்கு இந்த ஊரிலேயே, எங்கள் தெருவுக்கு வந்து எழுதித் தருகிறேன் என்று நூர் அகமது அன்றே சொன்னார். இத்தனை வாய் பேசிய கூட்டத்தில் அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை.

அதன் பிறகு புரூனோ மைக்கைப் பிடித்தார். கோப்பைத் திறந்து என் கணவரின் தாளை எடுத்து, "ஒரு வீரனின் கடைசி ஆசை" என்று சொல்லி, பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாக வாசித்தார். "என் எச்சிலை என் மனைவி துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கிடக்க விரும்பவில்லை. அவள் முகம் சுளிக்க மாட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது" என்று வாசித்தார். என் கணவர் எழுதியது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு அது ஸ்பீக்கரில் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். முன்பெல்லாம் வாங்க, சொல்லுங்க என்றுதான் பேசுவேன், இன்று நீ என்றேன். "இந்தத் தாளு இங்க செல்லாதுன்னு இவங்ககிட்ட சொல்லு. எத்தனை பேருகிட்ட இத எழுதி வாங்கியிருக்க, சொல்லு" என்றேன். "அக்கா, உணர்ச்சிவசப்படாதீங்க, உக்காருங்க" என்றார். கோப்பை இழுத்தேன், அவர் விடவில்லை, மேசை சாய்ந்து புரொஜெக்டர் விழுந்தது. கோப்பு என் கைக்கு வந்தது. பிரித்தேன். எல்லாம் பிரெஞ்சுப் படிவம், சங்கத்து சீல், பிறகு எண்ணியபோது முப்பத்தேழு இருந்தது. மேலே இருந்த ஒன்று மட்டும் தமிழில், முத்திரைத்தாளில், இரண்டு சாட்சி கையெழுத்தோடு, நோட்டரியின் சிவப்பு முத்திரையோடு இருந்தது. தமிழ் எனக்குப் படிக்கத் தெரியும். பெயர் புரூனோ. தேதி நவம்பர் 6.

அதாவது என் கணவர் குழாயோடு கிடந்த பத்தாம் நாள். தாள் செல்லாது என்று தெரிந்ததும் தனக்கு மட்டும் போய்ச் சரியாக எழுதிக்கொண்டார். மற்ற முப்பத்தேழு பேரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தலைவர் தப்பாகச் சொன்னார் என்று ஆகிவிடும், கூட்டம் கெட்டுவிடும். அந்த முப்பத்தேழு பேரும் எதிரே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இது எனக்குக் கோபம் என்கிற சொல்லுக்குள் அடங்கவில்லை, எழுதுகிற காவலர் அம்மா எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும்.

மைக்கால் அடித்தீர்களா என்று கேட்டதற்கு, அடித்தேன். நெற்றியில், ஒரு தடவை. புகாரில் மூன்று தடவை என்று இருப்பது பொய். மைக் வேலை செய்துகொண்டிருந்தது, தெருவில் நின்றவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும், எத்தனை என்று அவர்களிடம் கேளுங்கள். மூன்று தையல் போட்டதாகச் சொல்கிறார்கள், அதைத்தான் மூன்று அடி என்று ஆக்கியிருக்கிறார்கள்.

கோப்பைத் திருடினீர்களா என்று கேட்டதற்கு, இல்லை. ஒவ்வொரு தாளிலும் இருந்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்தேன். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பெயர் எழுத்துக்கூட்டத் தெரியும். "இத நம்பாதீங்க, நாளைக்கே போய்த் தமிழ்ல எழுதி வைங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். சிலர் வாங்கவில்லை, அவர்கள் மடியில் போட்டேன். புரூனோவின் தாளை அவர் சட்டைப் பையில் செருகினேன். என் கணவரின் தாள் என்னிடம் இருக்கிறது, அதைத் தர மாட்டேன்.

வருத்தம் தெரிவித்தால் புகாரை வாபஸ் வாங்கத் தயார் என்று புரூனோ சொல்லியனுப்பியதாக உதவி ஆய்வாளர் சொன்னார். புரொஜெக்டருக்கு வருந்துகிறேன். அதற்கு மேல் இல்லை.

நாளை திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டாவது மருத்துவக் குழு வருகிறது. மனைவி நேரில் இருந்து கையெழுத்திட வேண்டும். நான் போகாவிட்டால் குழு இன்னொரு நாள் குறிக்கும், அந்த நாள் வரை அவர் அப்படியே கிடப்பார். நான் எங்கேயும் ஓட மாட்டேன். நாளை பத்து மணிக்கு என்னை விட்டுவிடுங்கள், கூட யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முடியும் வரை இருந்துவிட்டு நானே இங்கே வருகிறேன். அதன் பிறகு எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள்.

எழுதியதை மாரிக்கண்ணு எனக்கு முழுதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னது இல்லை. முதல் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் தவறு. கணவர் பெயருக்கு முன்னால் பழக்கத்தில் "லேட்" என்று எழுதியிருந்தார்கள். அதை அடிக்கச் சொன்னேன். அவர் இன்னும் சாகவில்லை, சாக விடவில்லை, இவ்வளவு நேரம் நான் சொன்னதே அதுதான். அடித்த இடத்தில் கையெழுத்திட்டேன். இங்கேயும் இடுகிறேன்.

(ஒப்பம்) ஆன்தோனெத்