இரண்டு எட்டு தள்ளி

லேப்டாப்பை மூட வேண்டாம், ருமைஸா, அது பாட்டுக்கு இருக்கட்டும். முதலில் டீயைக் குடி. ஆறிப்போனால் இந்த கேன்டீன் டீயை வாயில் வைக்க முடியாது.

கிளப்பில் வீடியோ பார்க்கிற வேலைக்கு நீ வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் நான்கு வருட மேட்ச் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, அதில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "யக்கா, ரெண்டு பந்தும் ஒரே மாதிரில்லா போயிருக்கு" என்று கேட்கிறாய். காயல்பட்டினத்துக்காரர்களுக்குப் பந்தாட்டம் ரத்தத்தில் ஊறியது என்பார்கள், சும்மா சொல்லவில்லை. முதல் மேட்ச் அன்றைக்கு மைதானத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேச்சிச்செல்விக்கும் எனக்கும் பள்ளிக்கூட டீமிலிருந்து பழக்கம், பதினான்கு வருடம். அவள் ஏரல் பக்கத்து வயற்காட்டுப் பிள்ளை, நான் பெரியதாழைக் கடற்கரை. அவள் முன்னால் நின்று கோல் அடிப்பவள். நான் நடுவில் நின்று அவளுக்குப் பந்து போடுபவள். கச்சான் காற்று தூக்கியடிக்கிற நாளில்கூட என் பந்து அவள் இடது காலுக்கு முன்னால் போய்த்தான் விழும். அதனால் அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். "நீ போடு யக்கா, நான் ஓடுதேன்" என்பாள். வேறு யார் போட்டாலும் நிமிர்ந்து பார்ப்பாள், கோல்கீப்பர் எங்கே வருகிறாள் என்று கவனிப்பாள், வேகத்தைக் குறைப்பாள். என் பந்துக்கு மட்டும் குறைக்க மாட்டாள். எழுதிக்கொள்வதாக இருந்தால் இதை எழுதிக்கொள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கோல் அடித்தவள் பேர்தான் பேப்பரில் வரும், அது எனக்குத் தெரியாததில்லை. ஒரு தடவை ஏரல் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு பிளெக்ஸ் வைத்தார்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நின்ற படம் அது. அவளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை மிச்சம் இருந்தது. அதைப் பார்க்கவென்றே என் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, அண்ணாந்து பார்த்து, "ஏளா, நீ எங்கன இருக்க?" என்று கேட்டாள். முழங்கையைக் காட்டினேன். அம்மா பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்தாள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. யாருக்கு வராது, சொல்.

செல்வி நன்றி கெட்டவளாக இருந்திருந்தால் விஷயம் எளிதாகப் போயிருக்கும். அவள் அப்படி இல்லை. மைக்கை நீட்டினால் முதலில் என் பேரைத்தான் சொல்வாள். பேப்பர்க்காரன்தான் அதை விட்டுவிடுவான். அவள் மேல் கோபப்பட ஒரே ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க ஒரு அம்மா வந்து மூன்று மேட்ச் பார்த்தார். மூன்றிலும் சேர்த்து செல்வி ஐந்து கோல், ஐந்தும் நான் போட்ட பந்து. அவளுக்கு ஒப்பந்தக் கடிதம் வந்தது. நான் வெட்கத்தை விட்டு அந்த அம்மாவிடம் போய் என் பேரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கை குலுக்கி, "நீங்கள் கோல்கீப்பரா?" என்று கேட்டார்.

செல்வி கிளம்புவதற்கு முன் கடைசி மேட்ச், அதுதான் உன்னுடைய முதல் வீடியோ. எதிர் டீம் கோல்கீப்பர் முட்டியை நீட்டிக்கொண்டு வெளியே பாய்கிறவள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். செல்விக்கு வலது முட்டியில் அந்த வாரம் லேசாக வீக்கம். காலையில் ஐஸ் வைத்துவிட்டது நான்தான். இரண்டாவது பாதியில் பந்து என்னிடம் வந்தது. வழக்கமாக விழுகிற இடத்தைத் தாண்டி இரண்டு எட்டு தள்ளிப் போட்டேன். இரண்டு எட்டு தள்ளினால் அது செல்வியின் பந்து இல்லை, அவளுக்கும் கோல்கீப்பருக்கும் பொதுப் பந்து. கோல்கீப்பர் வந்தாள். செல்வி வேகத்தைக் குறைக்கவில்லை.

முட்டி ஜவ்வு கிழிந்தது. கோச் சொரிமுத்து சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பந்துதாம்மா அது. அந்தக் கோல்கீப்பர் முந்திட்டா. நீ மனசப் போட்டு உழப்பிக்கிடாத" என்றார். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான். அவள் வீட்டில் நடவை விட்டுவிட்டு யார் வர முடியும். குளிப்பாட்டிவிட்டேன், கக்கூசுக்குத் தாங்கிப்பிடித்துக் கூட்டிப்போனேன், மீன் முள் எடுத்து ஊட்டிவிட்டேன். பேப்பர்க்காரன் ஒருத்தனும் எட்டிப்பார்க்கவில்லை. "ஒன்னய மாதிரி யாரு யக்கா பாப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். மறைக்காமல் சொல்கிறேன், என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பிறகு அவள் கால் சரியாகிவிட்டது. அந்த வெளிநாட்டுக் கிளப் அம்மா மறுபடி எழுதினார், ஒரு தடவை வந்து ஆடிக்காட்டினால் போதும் என்று. டிக்கெட் வந்த வாரம் எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து பிராக்டிஸ் மேட்ச் ஆடினோம். அது உன்னுடைய இரண்டாவது வீடியோ. முதல் தடவை காற்று, களைப்பு என்று எனக்கு நானே கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை அதெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. எத்தனை எட்டு என்று கால் அறிந்திருந்தது. அவள் மேல் மோதிய நம் கோல்கீப்பர் பிள்ளை இன்றுவரை அதை நினைத்துச் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் மேல் தப்பில்லை என்று நான்தான் எடுத்துச் சொல்லித் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

வேண்டுமென்று செய்தாயா என்று நீ கேட்டாய். ஆமாம். இரண்டு தடவையும்.

இப்போது செல்விக்கு இருபத்தெட்டு வயது. அதே முட்டியில் இரண்டாவது ஆபரேஷனும் முடிந்து இப்போதுதான் மறுபடி ஓடுகிறாள். இன்னொரு தடவை கிழிந்தால் ஒழுங்காக நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் அவளை அரை மணி நேரம் இறக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதனால்தான் நீ பதறுகிறாய், புரிகிறது. என்னை வெளியே உட்கார வைக்கும்படி கோச்சிடம் சொல்லப் போகிறாய். தாராளமாகச் சொல், நான் தடுக்கவில்லை. ஆனால் நேற்று நீ இந்த வீடியோவைச் செல்வியிடமே காட்டினாயாமே. சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள். "அந்தப் பிள்ள என்னமோ சொல்லுது யக்கா, நீ மனசுல வச்சிக்கிடாத" என்றாள். நேரே கோச்சிடம் போய், "ஜெனி அக்கா இல்லன்னா நான் எறங்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டாள். சாரும் சரி என்றுவிட்டார்.

எனக்கும் அதுதான் நல்லதாகப் படுகிறது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவள் ஓட்டம் தெரியாது, முன்னே பின்னே போட்டுவிடுவார்கள். அவள் முட்டி இருக்கிற இருப்பில் என்னைத் தவிர வேறு யார் பந்து போட்டாலும் பிள்ளைக்கு அடிபட்டுவிடும், ருமைஸா.