கத்திரியில் கார்த்திகை

கத்திரி வெயில் கொளுத்திய மத்தியானம். சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில், என் முன்சீட்டு ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு தெனமும் இருட்டுனதும் பைனாகுலரோட மாடிக்குப் போயிடுறாரு மதினி. கார்த்திகை நட்சத்திரத்தப் பாக்குறாராம்."

மதினி முந்தானையால் விசிறுவதை நிறுத்தினாள்.

"இப்பவா? சூரியன் அந்தக் கார்த்திகைகிட்டப் போய் நிக்கிறதத்தானடி கத்திரிங்குறோம். ரெண்டும் சேந்தே மறைஞ்சிருமே, இருட்டுனப்புறம் எப்புடித் தெரியும்?"

"நெசமாவா?"

"எந்தப் பக்கம் பாக்குறாரு?"

"மேற்கால. புதுசா குடிவந்திருக்காங்கல்ல, அந்த வீட்டுப் பக்கம்."

கோச்சடையில் பாதிக் கூட்டம் இறங்கியது. நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தேன்.

"ஆனா நேத்து என்னையும் கூப்ட்டுக் காட்டுனாரே மதினி! கூட்டமா இருக்கும், எம்புட்டுன்னு எண்ணிச் சொல்லுன்னாரு."

"நீ பாத்தியா?"

அவள் குரல் இறங்கியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல. கார்த்திகைன்னா ஆறுதானே, ஆறுன்னுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சரியா எண்ணிட்டன்னாரு."