திறப்பு என்னட்டைத்தான் இருக்கு

…எண்டு எழுதிப்போட்டாள், பாத்தீரே! "கடல் கடந்து வந்த ஒரு ரீச்சர்" எண்டு! பேர் போடேல்லையாம். பேர் போடாட்டில் ஆருக்குத் தெரியாது? அந்தப் பள்ளிக்கூடத்தில சீலை உடுத்துக்கொண்டு மணலுக்குள்ள நடந்து திரிஞ்சது நான் ஒருத்திதான்.

இரும் பிள்ளை, இரும். திறக்கிறன். உம்மடை வேலை விண்ணப்பப் போம் இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள போகவேணும், கொம்பியூட்டராலை மட்டும்தான் அனுப்பலாம் எண்டு சொன்னனீர், மறக்கேல்லை. இப்ப மூண்டேகால்தானே. கோட்டைக் கழட்டிக் கதிரையில போட்டிட்டு இரும். பேர் என்ன சொன்னனீர்… தாரகா. ஒல்லாந்திலயிருந்து லண்டனுக்கு வந்து ரெண்டு மாசம். ஃபாரஸ்ட் கேட்டில வீடு. பாத்தீரே, எனக்கு ஞாபகசக்தி ஒண்டும் குறையேல்லை. கதவுத் திறப்பைத்தான் எங்கை வைச்சன் எண்டு… இந்தக் கைப்பைக்குள்ளதான். வேறை எங்கை போகும்?

என்னைத் தெரியும்தானே? பெர்னடெற் ரீச்சர். இந்த மகளிர் சங்கத்துக்குக் குமுதினி தலைவி, அவவின்ரை மச்சாள் காரியதரிசி, ஆனா கொம்பியூட்டர் அறைத் திறப்பு மட்டும் என்னட்டை. கவுன்சில் ரெண்டு கொம்பியூட்டர் தந்த நாளிலயிருந்து என்னட்டைத்தான். புதன்கிழமை ரெண்டிலயிருந்து அஞ்சு. சப்பாத்தைக் கழட்டவேணும். தேத்தண்ணி உள்ளை கொண்டுபோகக் கூடாது. ரெண்டு வருசம், ஒரு கீறல் விழேல்லை! ஏன் சிரிக்கிறீர்? ஒருத்தரும் தொடாட்டில் எப்பிடிக் கீறல் விழும் எண்டோ? குமுதினியும் இதைத்தான் கேட்டவ.

அஞ்சு மணி எண்டா இந்த மண்டபத்தைப் பூட்டுற மனுசன் வந்திடும். ஒரு நிமிசம் பொறுக்காது. திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக் கிலுக்கிக்கொண்டு நிக்கும். ஒரு திறப்பு கையில கிடைச்சா சில பேருக்குத் தலைகால் தெரியிறேல்லை, என்ன?

இதைப் பிடியும். குடை. இது விக்ஸ். இது செபமாலை. பாரும், என்னவோ சிக்கிக் கிடக்கு. உமக்குக் கண் நல்லது, மெல்லமாக் கழட்டிவிடும். அறுத்துப்போடாதையும், மன்னாரில அம்மா தந்தது. இது… ஆ! இதுதான் அவளின்ரை கடிதம். ஈமெயில். எனக்குக் கண் சரியில்லை எண்டு மகன் அருள்நேசன் பிறின்ற் அடிச்சுத் தாறவன். இண்டைக்குள்ள மறுமொழி போடவேணுமாம், இல்லாட்டில் எல்லாம் பிழைச்சுப் போகுமாம். நீர் நியாயம் தெரிஞ்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. வாசிக்கிறன், கேட்டுச் சொல்லும். பொறும், கண்ணாடியைப் போடுறன். இதைப் போட்டா எழுத்துத் தெரியும், ஆக்களின்ரை முகம் புகை மாதிரி. பறவாயில்லை, உம்மடை கோட்டு சிவப்பு, அது தெரியுது.

அவள் ஆரோ? இனோங்கே. என்ரை மாணவி. சாம்பியாவில. அந்தக் காலத்தில எங்கடை சனம் எத்தினை பேர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனவை! நானும் என்ரை மனுசன் யாக்கோப்பும் எழுபத்தொன்பதில போனனாங்கள். அவர் பெடியளுக்கு விஞ்ஞானம், நான் பெட்டையளுக்குக் கணக்கு. மொங்கு எண்டு ஒரு ஊர். நாட்டின்ரை மேற்குப் பக்கம். ஊர் முழுக்க மணல். ரெண்டடி வைச்சா ஒரு அடி பின்னுக்கு இழுக்கும். மனுசர் அங்கை ஆறுதலா நடக்கப் பழகிப்போடுவினம்.

அந்த இனோங்கே இப்ப பெரிய ஆள். சந்தைப் பெண்கள், வயல் கமம் செய்யிற பெண்கள், தாதிமார், இப்பிடி ஏழு பெண்கள் அமைப்பைச் சேத்து வைச்சு நடத்துறாள். கிராமம் கிராமமாக் கொம்பியூட்டர் நிலையம் திறக்கப்போகினமாம், அதுக்கு ஒரு கொள்கை எழுத ஒரு குழு இருக்காம். கம்பி எங்காலை போறது, கோபுரம் எங்கை நடுறது, ஆருக்கு அனுமதி, இப்பிடி எல்லாம். இவையள் போய் என்ன கேட்டவை எண்டு நினைக்கிறீர்? திறப்பு! ஒவ்வொரு நிலையத்தின்ரை திறப்பும் அந்தந்த ஊரில ரெண்டு பெண்களிட்டை இருக்கவேணுமாம். பெண்கள் வேலை முடிச்சு வாற நேரத்தில, ஆறு மணிக்குப் பிறகு, கதவு திறந்து கிடக்கவேணுமாம். அதைக் கொள்கையில ஒரு வரியா எழுதிப்போடவேணுமாம்.

குழுவில இருந்த ஆம்பிளையள் சிரிச்சவையாம். ஒரு நாட்டின்ரை கொள்கையில திறப்பைப் பற்றி எழுதினா, நாளைக்குக் கூட்டுற தும்புத்தடியைப் பற்றியும் எழுதச் சொல்லுவினமே எண்டு. பொய் சொல்லுவானேன், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தைப் புரட்டுமட்டும்.

புரட்டினா, உதாரணம்! கேளும். "1985இல் எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. கடல் கடந்து வந்த ஒரு ரீச்சர் மூன்று வருடம் அதன் திறப்பைத் தன் கைப்பையில் வைத்திருந்தார். எங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேர். ஒருவரும் அதைத் தொடவில்லை." நாப்பத்தொண்டாம்! நாப்பது பேர்தான். ஒருத்தி பாதியில கலியாணம் கட்டிப் போயிட்டாள்.

ஏன் பூட்டினனான் எண்டு ஒரு சொல்லு எழுதினவளோ? மண், பிள்ளை, மண்! திங்கிற பாணில மண், கட்டிலில மண், பூசைப் புத்தகத்தைத் திறந்தா அதுக்குள்ளயும் மண். பத்தாததுக்கு மாம்பழக் காலம் வந்தா அந்தப் பெட்டையள் முழங்கை வரைக்கும் சாறு வழிய வழியத்தான் வகுப்புக்கு வருவினம். அந்தக் கையோடை கொம்பியூட்டரோ! ஏன் எழும்புறீர்? கால் விறைச்சுப் போச்சோ? நடவும், நடவும், நான் நிப்பாட்டேல்லை. என்ரை நல்ல சீலை ஒண்டை வெட்டி அதுக்கு உறை தைச்சுப் போட்டனான். வெள்ளிக்கு வெள்ளி உறையைக் கழட்டித் தூசு தட்டுவன். மூண்டு வருசம், வந்த நாள் மாதிரியே இருந்தது.

நான் தூசு தட்டேக்கை இவள் இனோங்கே யன்னலுக்கு வெளியில நிண்டு எட்டி எட்டிப் பாப்பாள். எனக்கென்ன தெரியும்? ஒருநாள் கணக்குப் பாடத்தில பாக்கிறன், மேசைக்குக் கீழ ஒரு தாள். அதில கொம்பியூட்டரின்ரை எழுத்துப் பலகையை அப்பிடியே கீறி வைச்சிருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் அந்தந்த இடத்தில. அந்தத் தாளில பத்து விரலாலையும் அடிச்சுக்கொண்டு இருக்கிறாள்! சத்தமில்லாமல்! நான் பலகையில இருபடிச் சமன்பாடு எழுதுறன், இவள் தாளில கடிதம் அடிக்கிறாள். பறிச்சன். பறிக்காமல்?

மழை தூறுது போல. கேக்குதோ? சின்னனா, டிக் டிக் எண்டு, யன்னலில விழுற மாதிரி. நல்ல காலம், குடை உம்மட்டைக் கிடக்கு.

எங்கை விட்டனான்… ஓம், குமுதினி. போன கிழமை கூட்டத்தில கேக்கிறா, எங்கடை சங்கத்து மேரிறோஸ் ஏன் இப்ப இஞ்சாலை வாறேல்லை எண்டு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கினம். ஏன் என்னை? மேரிறோஸுக்கு வடக்கு லண்டனில, எட்மண்டனில வேலை, ஷிப்ட் முடியவே ஆறு மணியாகும். ஜூன் மாசம் ஒரு புதன்கிழமை ஆறரைக்கு மூச்சு வாங்க வாங்க ஓடி வந்தவ. அண்டைக்குச் செபமாலைக் கூட்டம் இருந்தபடியா மண்டபம் திறந்து கிடந்தது. வன்னியில இருந்த தம்பி சண்டை முடிஞ்சு எந்த முகாமில எண்டு ஆரோ ஈமெயில் போட்டிருக்கினமாம், ஒருக்காத் திறந்துவிடுங்கோ எண்டு கேட்டவ. திறப்பு இந்தக் கைப்பைக்குள்ளதான் கிடந்தது. நான் சொன்னன், ரெண்டிலயிருந்து அஞ்சு எண்டு. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே…

சண்டை பிடிக்கேல்லை அவ. "சரி ரீச்சர்" எண்டிட்டுப் போயிட்டா. சண்டை பிடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

விடும். கடிதத்துக்கு வாறன். இப்ப அந்தக் குழு சொல்லுதாம், இந்த உதாரணம் இட்டுக்கட்டின கதை, படிச்ச ரீச்சர் ஒருத்தி இப்பிடிச் செய்வாவோ எண்டு. நாளைக்குக் காலமை அந்தத் திறப்பு வரியை வெட்டிப்போடுவினமாம். வெட்டாமல் இருக்கவேணுமெண்டா ஒரே ஒரு வழிதானாம். அந்த ரீச்சரே ஒரு வரி எழுதவேணும், உண்மைதான் எண்டு. எப்பிடிக் கேட்டிருக்கிறாள் பாரும். "மேடம், உங்களுக்கு விருப்பமென்றால் மட்டும். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குக் கணக்குப் படிப்பித்தது நீங்கள்தான்." எவ்வளவு கெட்டிக்காரி! என்ரை மாணவியெல்லே.

மூண்டு நாளா இந்தத் தாளோடை திரியிறன். அருள்நேசன் கேக்கிறான், அம்மா, என்ன மறுமொழி போட எண்டு. யோசிக்கிறன் எண்டன். மண்ணைப் பற்றி ஒரு வரி சேத்து எழுதினாக் கௌரவமா இருக்கும் எண்டுதான் யோசிச்சனான். மண் பொய்யில்லைத்தானே. ஆனா… கிட்ட வாரும். வராட்டில் அங்கை இருந்தே கேளும். குமுதினிக்குச் சொல்லக்கூடாது.

முதல் நாள் நான் தனியப் போய், கதவைச் சாத்திப்போட்டு, அதின்ரை சுவிச்சைப் போட்டனான். கறுப்புத் திரை. அதில ஒரு சின்னப் பச்சைக் கோடு. மினுங்கிச்சுது. அணைஞ்சுது. மினுங்கிச்சுது. வேறை ஒண்டுமில்லை. நான் என்னவோ செய்வன் எண்டு அது காத்துக்கொண்டு நிக்குது, அது என்னவோ செய்யும் எண்டு நான் காத்துக்கொண்டு நிக்கிறன். கணக்கில முதல் வகுப்பு எடுத்தனான், பிள்ளை. பின்னேரம் முழுக்க அதுவும் நானும். கடைசியில நான்தான் தோத்தன். பெட்டையளை உள்ளை விட்டா, "மேடம், இனி என்ன செய்யிறது" எண்டு கேப்பினம். ஒரு ஆள் கேட்டாலும் போதும், என்ரை மானம் போயிடும். பூட்டினன். மண் எண்டு சொன்னன்.

இஞ்சை மண்ணுமில்லை. இஞ்சையும் பூட்டினன். இந்த ரெண்டையும் எப்பிடித் துடைக்கிறது எண்டு தெரியும், எப்பிடி எழுப்புறது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கண் சரியில்லை எண்டதும் பொய், கண் நல்லாத்தான் இருக்கு. அருள்நேசன் தன்னோடை வேலை செய்யிறவைக்கெல்லாம் சொல்லித் திரியிறான், எங்கடை அம்மாதான் சங்கத்தில கொம்பியூட்டருக்குப் பொறுப்பு எண்டு!

சிரிக்கமாட்டீரோ? இதுக்கும் சத்தமில்லையோ? மழையும் விட்டிட்டுது. தாரகா? பிள்ளை? பொறும், கண்ணாடியைக் கழட்டுறன்…

மாதாவே! கோட்டு மட்டுமெல்லே கதிரையில இருக்கு!

கதவு… கதவு திறந்து கிடக்கு. இதென்ன மாயம்… ஓகோ. செபமாலையில சிக்கிக் கிடந்தது திறப்போ! நானே கையில தந்து, கழட்டும் எண்டும் சொல்லி… எப்ப உள்ளை போனனீர்? மாம்பழக் கதையிலயோ! அப்ப இவ்வளவு நேரமும் நான் கோட்டுக்கோ கதை சொன்னனான்? அந்த டிக் டிக் மழையில்லை, நீரோ? போம் போயிட்டுதோ? போயிட்டுதாம்! எத்தினை மணிக்கு? நாலரைக்கு முதலேயோ! கெட்டிக்காரி.

பிறகு ஏன் போகாமல் இருந்தனீர்? …கேட்டுக்கொண்டோ. எல்லாமோ? பச்சைக் கோடும்? ம். கதவு திறந்து கிடந்தா அப்பிடித்தான், எல்லாம் உள்ளை போகும்.

சப்பாத்து! ஆ, கழட்டித்தான் இருக்கிறீர். உறையையும் வடிவா மடிச்சு வைச்சிருக்கிறீர்.

கொஞ்சம் எழும்பும், நான் இருக்கப்போறன். கொம்பியூட்டரை அணைக்காதையும். இனோங்கேயின்ரை முகவரி இந்தத் தாளில கிடக்கு, அதை நீர் அடிச்சுத் தாரும்… அவ்வளவும்தான். மிச்சம் நான். "அந்த ரீச்சர் நான்தான்" எண்டு. இதென்ன, இதிலயும் அதே கோடு! இப்ப கறுப்பு. மினுங்குது பாரும், இருபத்திநாலு வருசமா நிண்டுகொண்டு இருக்கு.

இங்கிலீசில "நான்" எண்டு துவங்க ஒரு எழுத்துத்தானே… சொல்லாதையும், சொல்லாதையும்! மேல் வரி. இடப்பக்கத்தாலை ஒண்டு, ரெண்டு… எட்டாவது. அவள் கீறின தாளிலயும் எட்டாவதுதான். பறிச்ச தாளைக் கிழிச்சனானோ நான்? பெட்டிக்கு அடியில வைச்சுப் பூட்டி, ஒருத்தரும் இல்லாத நேரம் எடுத்து எடுத்துப் பாத்தனான்.

விழுந்திட்டுது! பாரும், எழுத்து விழுந்திட்டுது! மண்ணைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை, பயப்பிடாதையும்.

திறப்போ? உம்மட்டையே இருக்கட்டும். இன்னொண்டு வெட்டி மேரிறோஸிட்டைக் குடுக்கவேணும். ஆறரைக்கு வரட்டும்… நான் போய்ச் சொல்லுறன், நான்தான் போகவேணும்.

ஆர் அது வாசல்ல கிலுக்கிறது? அந்த மனுசனோ? அஞ்சு மணியாச்சோ? இன்னும் ஒரு சொல்லுத்தான் அடிச்சிருக்கிறன்! ஓடும் பிள்ளை, ஓடிப்போய்ச் சொல்லும், உள்ளை ஒரு பொம்பிளை எழுதிக்கொண்டு இருக்கிறா, பூட்டவேண்டாம் எண்டு!