பாட்டுக்குள் மூழ்கிய மூன்று ராஜினாமாக்கள்

தல்லபோகா மாவட்ட வாக்காளர் சங்கத்தின் செயலாளராக நாற்பத்தோராண்டு நின்றும் நடந்தும் காத்திருந்தும் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி அர்லீதா கேதிங்ஸ் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, நம் ஆலயத்தின் உணவுக்கூடத்தில், 2004 செப்டம்பர் பதினெட்டாம் நாள் வாசித்தளிக்கும் மடல்.

வாசல் மறித்தோர் முன் வளையாது நின்றவரே! வாக்குரிமை என்று வாய்விட்டுச் சொல்லவே மிசிசிப்பி மண்ணில் கறுப்பர்களாகிய நாங்கள் அஞ்சிய நாளில், வாக்காளர் பட்டியலில் வரிவரியாய் எங்கள் பெயரை ஏற்றியவரே! பூட்டிய கதவின் முன் பொறுமையோடு அமர்ந்து, பூட்டியவன் கை சலிக்கும்வரை காத்திருந்தவரே! எங்கள் அக்காவே!

இத்தகைய விளிகள் பத்தொன்பது எழுதி வைத்திருந்தோம். நேற்று மாலை அவற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் தாங்கள் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "அடி வில்லாடீன், இதெல்லாம் செத்தவங்களுக்கு எழுதறதுடி. நான் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கேன், இடுப்பு வலியோட" என்றீர்கள். ஆகவே பதினைந்தை நீக்கிவிட்டோம். நீக்கியவற்றில் சில நன்றாகவே இருந்தன.

அருமைக்குரிய அக்கா! 1963-ஆம் ஆண்டு, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பணிபுரிந்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணாகத் தாங்கள் மாவட்ட நீதிமன்றப் படியேறிப் பெயர் பதியக் கேட்டீர்கள். பதிவாளர் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொன்னார். தாங்கள் எழுதினீர்கள். தேறவில்லை என்றார். பதியக் கேட்டவர் என்று தங்கள் பெயரும் முகவரியும் செய்தித்தாளில் இரண்டு வாரம் அச்சாயின. மூன்றாம் வாரம் சமையற்கட்டில் தங்கள் ஏப்ரனை வேறொருத்தி கட்டியிருந்தாள். நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கி, ஐந்தாம் முறை, புது வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே பதிவானீர்கள். வெளியே வந்து தாங்கள் சொன்ன சொல்லை இந்த மாவட்டமே அறியும்: "அந்த ஆளுக்கே அந்தப் பிரிவு புரியலை. நான் எழுதினதைப் பார்த்துத்தான் கொஞ்சம் புரிஞ்சிருக்கும்."

அன்று தொடங்கிய நடை அது. எவரையும் அந்தப் படியில் தனியே ஏறவிடாதீர்கள் என்பதே தாங்கள் எங்களுக்குக் கற்பித்த முதல் வேலை. தலைவர்கள் முன்னே நடப்பார்கள். தாங்களோ வருபவருக்கு எப்போதும் அரை அடி பின்னாலேயே நடந்தீர்கள். ஏனென்று கேட்டதற்கு, "முன்னால போனா, அவங்க பாதிப் படியில திரும்பி ஓடறது எனக்கு எப்படித் தெரியும்? பின்னால நின்னா, ஓடணும்னாலும் என்னை இடிச்சுட்டுத்தான் ஓடணும். என்னை இடிக்க யாருக்கு மனசு வரும்?" என்றீர்கள். இடிக்க எவருக்கும் மனம் வரவில்லை. தங்கள் உருவமும் அப்படி.

பெயர் பதிந்த பின் ஓயலாம் என்று நினைத்தோம். பதிந்தவர்களின் வாக்கு ஒன்றுசேராதபடி அதிகாரிகள் தொகுதியை வெட்டிக் கூறுபோட்டார்கள். அதற்கு ஆறாண்டு வழக்கு. வழக்கு வென்றதும் வாக்குச்சாவடியை மாற்றினார்கள். அதற்கு ஒரு மனு. கறுப்பர் தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் கேட்டு ஒரு கூட்டம்; குழாய் வந்து பாதித் தெருவோடு நின்றதற்கு இன்னொரு கூட்டம். திறந்த கதவையே மறுபடி மறுபடி திறந்ததுதான் நாற்பத்தோராண்டு வரலாறு. இதைப் பெருமையோடு படிக்கவே எழுதினோம். எழுதி முடிக்கையில் எங்களுக்கே மூச்சு வாங்கியது.

இவ்வளவும் நடந்த நாளெல்லாம் நீதிமன்ற வாசலில் ஒரு பழைய நீல வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அதில் அமர்ந்திருந்தவர் தங்கள் கணவர், டிராக்டர் மெக்கானிக் ஹோசியா கேதிங்ஸ். "நீ உள்ள போ அர்லி. நீ வர்ற வரைக்கும் நான் எங்க போகப் போறேன்?" என்பது அவர் வழக்கம். தங்கள் பெயர் செய்தித்தாளில் வந்ததால் பண்ணைக்காரர்கள் அவரிடம் டிராக்டர் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்று முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், மடியில் கைக்குட்டை விரித்து, கெளுத்தி மீன் வறுவல் எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹோசியா அண்ணன் அவர்களே! தங்களுக்கும் இம்மடலில் பங்குண்டு. அதைச் சொல்வதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

அக்கா! தங்களின் அருங்குணங்களைப் பாராட்ட வந்த நாங்கள் எங்களின் ஒரு பெருங்குறையைச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து ஒருவர் மனம் திறந்தால், "ஆமென்!" என்றும், "சொல்லுங்கக்கா!" என்றும், "அப்படிப் போடு!" என்றும் குரல் கொடுப்பது நம் வழக்கம். குரல் உயர உயரப் பேச்சு பாட்டாகும். பாட்டு எழுந்தால் கூடமே எழும். பயந்து வந்தவரையும் அது நிமிர்த்தி அனுப்பியது. அந்த வழக்கத்தைக் கொண்டே நாங்கள் தங்களுக்கு மூன்று முறை தீங்கு செய்தோம்.

1971-இல் தாங்கள் எழுந்து, "என்னால முடியலை" என்றீர்கள். தாங்கள் விலகுவதாகச் சொல்லத்தான் எழுந்தீர்கள். நாங்கள் அதை ஆலயத்தில் மனம் திறந்து சொல்லும் சாட்சி என்று எடுத்துக்கொண்டோம். "ஆமென்! யாருக்குத்தான் முடியுது!" என்று பின்வரிசை முழங்க, வண்டியோட்டி கிளியோட்டஸ் பாங்க்ஸ் தம் கனத்த குரலில் பாட்டெடுக்க, மறுநாள் ஊர்வலத்துக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு பேர் வந்தார்கள். 1984-இல், "எனக்குப் போதும்" என்றீர்கள். "போதும், போதும், அவங்க அநியாயம் போதும்!" என்று கூடம் அதிர்ந்தது. அன்றும் பாட்டு. பிறகு பாதிரியார்கள் சிலர் தங்களிடம் வந்து, களைப்பைப் பற்றி எங்கள் ஊரிலும் அப்படி உருக்கமாகப் பேச வருவீர்களா என்று கேட்டார்கள். தாங்கள் சிரித்தீர்கள், வேறென்ன செய்வீர்கள்!

மூன்றாவது, 1998 ஆகஸ்ட். ஹோசியா அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இருபது நாள். தாங்கள் கையில் ஒரு தாளோடு எழுந்தீர்கள். "நான் களைச்சுப் போயிட்டேன். இனிமே..." என்றீர்கள். அந்த 'இனிமே'யில் கிளியோட்டஸ் பாட்டெடுத்துவிட்டார். தாங்கள் வாய் திறந்தபடி சற்று நின்றீர்கள். கூடம் முழுக்க எழுந்து கைதட்டி அசைந்தது. இரண்டாம் அடிக்குத் தாங்களும் சேர்ந்து பாடினீர்கள். சேர்ந்து பாடாமலிருக்கத் தங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்தது தாங்கள்தான்.

கிளியோட்டஸ் சென்ற வாரம் என்னிடம், "அன்னிக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் இல்ல நான்?" என்று கேட்டார். எழுபத்து மூன்று வயது மனிதர் கண் கலங்கிக் கேட்டார். அவர் அறியாமல் செய்தார். இதற்கு மேல் 'நாங்கள்' என்று எழுத எனக்கு உரிமையில்லை. வில்லாடீன் டேட் ஆகிய நான், தங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் இருபத்தாறு ஆண்டு அமர்ந்தவள், அறிந்தே செய்தேன்.

மறுநாள் குப்பைக்கூடையில் அந்தத் தாளைப் பார்த்தேன். எடுத்துப் படித்தேன். வாரம் மூன்று நாள் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் பேச்சுப் பயிற்சியும் கைப்பயிற்சியும் கொடுத்தால், முதல் ஓராண்டுக்குள் அவர் பேச்சு திரும்பக்கூடும் என்று மருத்துவர் சொன்னதாகவும், இரண்டு வேலையும் ஒருசேரத் தங்களால் ஆகாதென்றும், ஆகையால் விலகுகிறேன் என்றும் தங்கள் கையெழுத்தில் இருந்தது. தேர்தலுக்குப் பதினொரு வாரம் இருந்தது. தாங்கள் இல்லாவிட்டால் யார் அந்தப் படியேறுவார்கள் என்று நினைத்தேன். தாளைக் கூடையிலேயே போட்டுவிட்டு, "அக்கா, காபி வேணுமா?" என்று கேட்டேன். தாங்கள் "கொடு" என்றீர்கள். பயிற்சிக்கு வாரம் ஒரு நாள்தான் போனீர்கள். பிறகு அதுவும் நின்றது. அண்ணனின் பேச்சு வரவில்லை. தேர்தலில் வென்றோம். கைதட்டினோம். அக்கா, ஆறு ஆண்டாக இதைச் சொல்லாமலே தங்கள் அருகில் அமர்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அண்ணனிடமும் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெற்குத் தெரு வாக்குச்சாவடியை அணைக்கு அப்பால் பதினொரு மைல் தள்ளி மாற்றப்போகிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது. இந்தக் கூடத்தில் தங்களையும் அண்ணனையும் தவிர எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இன்று எல்லோரும் தங்களை இவ்வளவு அன்போடு பார்க்கிறார்கள். போதகர் தாடியஸ் மூடி ஐயா புதன்கிழமை என்னிடம் வந்து, "கடைசியில ஒரு வரி மட்டும் சேர்த்துடும்மா. 'ஆறே வாரம், எங்களுக்காக'ன்னு. அக்காவால மாட்டேன்னு சொல்ல முடியாது, எல்லாரும் பார்த்துட்டு இருப்பாங்க இல்ல?" என்றார். நானும் சேர்த்தேன். அழகான வரிதான் அது, எதுகை மோனையோடு. இன்று காலை அதை அடித்துவிட்டேன். ஐயா, என்னைத் திட்டுவதானால் நாளை ஆராதனைக்குப் பிறகு திட்டுங்கள்.

அக்கா, அந்தச் சாவடி வேலையை நானும் கிளியோட்டஸும் பார்த்துக்கொள்வோம். நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லமாட்டேன். அவருக்கு முழங்கால் போய்விட்டது. எனக்கு அதிகாரிகளைக் கண்டால் இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோற்றாலும் தோற்போம். தோற்றால் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டோம். "நீங்க வந்திருந்தா நடந்திருக்குமா அக்கா" என்று கடைத்தெருவில் கேட்கவும் மாட்டோம். நாம் நடத்திய போராட்டங்களில் எல்லாம் இதுவே எங்களுக்குக் கடினமானதாக இருக்கும்.

நல்லாரே! நயமிக்கோரே! நாங்கள் தேய்த்தும் தேயாதவரே! நீடு வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது முறை. நீண்ட வாழ்வின் நல்ல பகுதியை வாங்கிக்கொண்ட நாங்கள் எந்த முகத்தோடு அதை வாழ்த்துவது? எனவே சிறியதாகவே வேண்டுகிறோம்: காலை எட்டு மணிக்குத் தாங்கள் உறங்க வேண்டும். அண்ணன் அருகில் அமர்ந்து அவர் வேண்டுவதை அவர் முகம் பார்த்தே அறிய வேண்டும். இடுப்பு வலி சற்றுக் குறைய வேண்டும். களைப்பு ஆற எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டும், அதற்கு மேல் சும்மா இருக்கச் சில ஆண்டும் ஆண்டவர் தர வேண்டும்.

இனி இந்தக் கூடத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இம்மடல் முடிந்ததும் எவரும் கைதட்ட வேண்டாம். பாடகர் குழுவை இன்று அழைக்கவில்லை. பியானோவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். கிளியோட்டஸ் வாயில் இரண்டு மிட்டாய் போட்டுக்கொண்டிருக்கிறார், தாமாகவே. அக்கா பேசும்போது "ஆமென்" வேண்டாம். "சொல்லுங்கக்கா"வும் வேண்டாம். தாளத்துக்கு ஆட்டும் விசிறியையும் மடியில் வையுங்கள்.

எழுந்திருங்கள், அக்கா. அவசரமில்லை. தாங்கள் சொல்ல வந்தது 'இனிமே' வரை வந்து நிற்கிறது. மிச்சத்தைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தங்கள் பேச்சைக் கேட்கக் கடமைப்பட்ட,

வில்லாடீன் டேட், தட்டச்சர்
கிளியோட்டஸ் பாங்க்ஸ், வண்டியோட்டி
மற்றும் சங்கத்து உறுப்பினர் அனைவரும்