பதினோரு வாரம்

செல்வாம்பாள் சொன்னத எழுதிட்டீங்களா தம்பி? எழுதியிருந்தா அழிச்சிடுங்க. அழிக்க முடியாதா? அப்ப கீழ கொஞ்சம் எடம் உடுங்க, நான் சொல்றதயும் சேத்துக்கலாம். ஏன் நிக்கறீங்க, உக்காருங்க. அந்த நைட்டி மூட்டைய அப்படித் தள்ளிட்டு உக்காருங்க. ஒண்ணும் ஆவாது, எல்லாம் கவர் போட்டதுதான்.

லினெட்டப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கறீங்க, சரி. நாலு லட்சம் குடுக்கற பேங்க்கு விசாரிக்காம குடுக்குமா. ஆனா விசாரிக்கறதுக்கு ஆளப் புடிச்சீங்க பாருங்க. இந்தக் கருவடிக்குப்பத்துலயே அவளோட பேசாத ஒரே பொம்பள செல்வாம்பாள்தான். நேரா அங்க போய் நின்னிருக்கீங்க. அவ என்னா சொல்லியிருப்பான்னு நான் சொல்லவா? வாங்கறப்ப மொத ஆளா நிப்பா, கட்டறப்ப காணாம பூடுவா, பதினோரு வாரம் எங்க எல்லாரையும் ஒக்கார வெச்சி அறுத்தா. அதானே? சிரிக்கறீங்க பாருங்க.

தண்ணி குடிங்க. காலையிலேருந்து வெயில்ல வண்டியில சுத்தறீங்க. பான தண்ணிதான், பயப்படாதீங்க.

என் பேரு தனக்கொடி. உங்க லிஸ்டுல சென்டர் லீடர்னு போட்டிருக்கும். ஒம்போது வருசமா நான்தான். எங்க சென்டர வேற ஊட்டுக்கு மாத்திடலாம்னு ரெண்டு வாட்டி பேச்சு வந்துச்சி, யாரும் ஒத்துக்கல. வியாழக்கெழமை காலையில ஏழேகாலுக்கு கூடத்த யாரு பெருக்கிக் குடுப்பா சொல்லுங்க. நீங்க பேங்க்ல பெரிய கடன் பக்கம். இந்தக் குரூப்பு பக்கம் வந்திருக்க மாட்டீங்க இல்ல? அப்பத் தெரிஞ்சிக்கங்க. அது தெரியாம பதினோரு வாரம்னு மட்டும் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

அஞ்சு பேரு ஒரு குரூப்பு. நானு, லினெட்டு, செல்வாம்பாள், சின்னப்பாப்பா, ஜெர்லின். எங்ககிட்ட ஈடு வெக்க நகையும் இல்ல, பத்திரமும் இல்ல. அதனால ஒருத்திக்கு மத்த நாலு பேரும் ஈடு. வாரா வாரம் இந்தக் கூடத்துல பாய விரிச்சி வரிசையா உக்காரணும். நான் மொதல்ல. உறுதிமொழி படிக்கணும். கடன நல்ல காரியத்துக்கே செலவு பண்ணுவோம், தவணைய தவறாம கட்டுவோம், அப்படி இப்படின்னு ஒரு எட்டு வரி. நான் படிப்பேன், அவளுங்க பின்னாடி சொல்லுவாளுங்க. சின்னப்பாப்பா பாதியில கொட்டாவி உடுவா. அப்புறம் ஆபீசரு பணத்த எண்ணுவாரு. அஞ்சு பேரு பணமும் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தியும் பாய உட்டு எழுந்திரிக்கக் கூடாது. இதான் சட்டம். புள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துச்சா, அடுப்புல பால் இருக்குதா, அதெல்லாம் பேங்க்குக்குத் தெரியாது. ஒருத்தி கட்டலன்னா நாலு பேரும் குந்தியிருக்கணும்.

கடுமைதான். ஆனா அந்தக் கடுமையிலதான் பணம் திரும்பி வருது. உங்க பெரிய கடன்காரங்கள இப்படிப் பாயில உக்கார வெச்சிப் பாருங்களேன்.

மொத மொதல்ல கடன் குடுத்தப்ப நடந்தது ஒண்ணு சொல்றேன். அந்த ஆபீசரு இப்ப வேலைய உட்டுட்டாரு, அதனால சொல்லலாம். என்னா தொழிலுக்குக் கடன்னு எழுதணுமாம். எங்களுக்கு என்னாத்தத் தெரியும், லினெட்டு தையல்னு எழுதினா, நாங்களும் தையல்னு எழுதிட்டோம். மிஷின் வெச்சிருந்தது அவ ஒருத்திதான். ஒரு நாள் ஆபீசரு திடீர்னு வந்து நிக்கறாரு, மிஷினப் பாக்கணும், போட்டோ எடுக்கணும்ங்கறாரு. அவரு ஒரு ஊட்டுல மோர் குடிச்சிட்டு இருக்கறப்பவே பின்னாடி சந்து வழியா மிஷினு அடுத்த ஊட்டுக்குப் பூடும். நானும் லினெட்டு புருசன் மார்ட்டினும்தான் தூக்கறோம். இடுப்பு உட்டுப் போச்சி. நாலு ஊடு முடிஞ்சிது. அஞ்சாவது செல்வாம்பாள் ஊடு. மிஷின் மேல லினெட்டு ஒட்டியிருந்த மாதா ஸ்டிக்கரு. ஆபீசரு குனிஞ்சி பாத்தாரு. ஏம்மா, எல்லா ஊட்டு மிஷின்லயும் ஒரே எடத்துல மாதா இருக்காங்களேன்னாரு. செல்வாம்பாள் நெத்தி நெறைய விபூதியோட நிக்கறா. எல்லா சாமியும் ஒண்ணுதான் சார்ங்கறா. அவரு போட்டோ எடுத்துக்கினு பூட்டாரு. அவருக்கும் மாசத்துக்கு இத்தன கடன் குடுத்தாவணும்னு மேல சொல்லியிருப்பாங்க இல்ல.

ஆமா, பொய்தான். இல்லைன்னு சொல்லலியே.

போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சி. இந்த மாதிரி சின்னக் கடனால நாட்டோட பொருளாதாரம் எப்படி வளருதுன்னு எழுதுதாம். உங்க வாழ்க்க எவ்ளோ முன்னேறியிருக்குது, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னுது. மூணுன்னேன். ஏன் மூணுன்னு கேட்டுச்சி. அதான் நடுவுல இருக்குதுன்னேன். அந்தப் பொண்ணு அதயும் எழுதிக்கிச்சி.

உண்மையச் சொன்னா, நாடு வளந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இந்தத் தெருவுல பீரோ வளந்துச்சி. ஊட்டுக்கு ஒண்ணு வந்துச்சி. செல்வாம்பாள் கக்கூஸ் கட்டிக்கினா. சின்னப்பாப்பா பையனுக்கு வண்டி வாங்கிக் குடுத்தா, அவன் அதுல கனகசெட்டிக்குளம் வரைக்கும் போய் ஒரு பொண்ண இட்டுக்கினு வந்துட்டான். ஜெர்லினு ஒரு கடன வாங்கி இன்னொரு கடன அடச்சா, அத அடைக்க வேற கம்பெனியில ஒண்ணு. நான் இந்த நைட்டிய வாங்கி வாங்கி வித்தேன். நல்லாதான் ஓடிச்சி. இப்பதான் ஆளாளுக்கு போன்ல அழுத்தறாளுங்க, நைட்டி வாசல்ல வந்து விழுது. எங்கிட்ட வந்து துணியத் தொட்டுப் பாக்கறது, கலரப் பாக்கறது, அப்புறம் போன்ல போடறது.

அஞ்சு பேர்ல கடன வெச்சி தொழில் பண்ணவ ஒருத்திதான். அது லினெட்டு. அத எழுதுங்க மொதல்ல.

தையல் அவளுக்கும் சரியா வரல. ஒரு நாள் நர்சு வேலை பாக்கற பொண்ணுங்க தங்கியிருக்கற ஆஸ்டல்ல ராத்திரிக்கு சப்பாத்தி வேணும்னாங்க. முப்பது சப்பாத்தி போட்டுக் குடுத்தா. மறுநாள் அம்பது. அப்புறம் கேன்டீனு, அப்புறம் தட்டாஞ்சாவடி கம்பெனிங்க. இன்னிக்கு தெனம் எண்ணூறு போடறா தம்பி. மூணு பொம்பளைங்களுக்கு சம்பளம் குடுக்கறா. அதுல ஒருத்தி ஜெர்லினு. நாலு கடன வெச்சிக்கினு தலையில கைய வெச்சிக்கினு இருந்தாளே, அவதான். இப்ப மாசம் பொறந்தா லினெட்டு கையால சம்பளம் வாங்கறா. காலேஜ் பொண்ணு அங்க போய் நம்பர் கேட்டிருக்கணும்.

இப்ப அவளுக்கு மாவு பிசைய ஒரு மிஷின் வேணும், அழுத்தறதுக்கு ஒரு மிஷின் வேணும். தட்டாஞ்சாவடியில ஒரு ஷெட்டு பாத்து வெச்சிருக்கா. மிஷின் வந்தா மூவாயிரம் போடலாம்னு கணக்கு சொல்றா. மார்ட்டின் கம்பெனி வேன் ஓட்டறத உட்டுட்டு இதுலயே டெலிவரி பாக்கறேன்னு இருக்காரு. நாலு லட்சத்துக்கு பீரோ வாங்கற ஆளு இல்ல அவ.

தெரியுது தம்பி. பதினோரு வாரம். வரேன் வரேன். நீங்க விரல வெச்சிக்கினே இருக்கீங்க அந்த எடத்துல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. அவ பேர்ல நாப்பதாயிரம் ஒரு கடன். வாரம் தொள்ளாயிரம் சொச்சம். பாதி வரைக்கும் சரியா வந்துச்சி, அப்புறம் நின்னுடுச்சி. மொத ரெண்டு வாரம் எல்லாருமா சேத்துப் போட்டோம். அப்புறம் யாரும் போடல. ஏன் போடணும்? அப்பவும் சட்டப்படி எல்லாரும் பாயிலயே உக்காந்திருந்தாளுங்க. எட்டரை ஆவும், ஒம்போது ஆவும். செல்வாம்பாள் அப்ப ஒரு சொல்தா ஊட்டுல சமையல் வேலை. அதாங்க, பிரெஞ்சு மிலிட்டரியில இருந்துட்டு பென்சன் வாங்கற பெரியவரு. அவருக்கு எட்டு மணிக்கு காபி மேசையில இருக்கணும். வாரா வாரம் வியாழக்கெழமை காபி ஒம்போதரைக்குப் போச்சி. அஞ்சாவது வாரம் நீ வராதம்மான்னுட்டாரு. நல்ல சம்பளம். கிறிஸ்மஸ்சுக்குப் புடவ வேற எடுத்துக் குடுப்பாரு. அந்த வேலை போனதுலேருந்து செல்வாம்பாள் லினெட்டு மூஞ்சியப் பாக்கறதில்ல. அவ கோவத்துல தப்பு சொல்ல முடியாது. யாரு மேல கோவப்படறாங்கறதுதான்.

பாக்கி பூரா அப்புறம் கட்டியாச்சி. லினெட்டுதான் கட்டினா. வட்டியோட. உங்க கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் இருக்குது, நீங்களே சொன்னீங்க. அதுக்கப்புறம் ரெண்டு கடன் எடுத்து ஒரு வாரம் தவறல. பின்ன என்னா தம்பி, ஒரு மனுசி வாழ்க்கையில ஒரு பதினோரு வாரம்.

காரணம் வேணுமா? அவகிட்ட கேட்டீங்களா? என்னா சொன்னா?

குடும்பச் செலவுன்னு சொன்னாளா. வேற எதுவும் சொல்லலியா.

சரி.

அது போதாதா உங்களுக்கு? காரணம் திருப்தியா இல்லன்னு எழுதினா மேல என்னா பண்ணுவாங்க? தள்ளிடுவாங்களா. மறுபடி எப்பப் போடலாம், ஆறு மாசம் கழிச்சா? ஷெட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாளே. மார்ட்டின் கம்பெனியில சொல்லிட்டு வந்துட்டாரே.

இருங்க, பைய மூடாதீங்க. அந்தக் கடன் லினெட்டோடது இல்ல. என்னுது.

ஆமா, பேரு அவளது, கையெழுத்து அவளது, பணம் வந்தது அவ அக்கவுண்ட்டுக்கு. சாயங்காலமே எடுத்தாந்து இங்க, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல வெச்சிட்டுப் போனா. எனக்கு ஏற்கெனவே ஒரு கடன் ஓடிக்கினு இருந்துச்சி, இன்னொண்ணு குடுக்க மாட்டாங்க. என் பொண்ணு பூர்ணிமாவுக்கு வளகாப்பு. மாப்ள ஊட்டுக்காரங்க நூறு பேரோட வராங்கன்னு சேதி வந்துச்சி. ஏழு வகை சாதம், வளையலு, வெள்ளித் தட்டு, மண்டபம். உறுதிமொழியில சொல்றோமே, நல்ல காரியம், அதுலயே போச்சின்னு வெச்சிக்கங்க.

நைட்டி ஓடின வரைக்கும் ரெண்டு தவணையும் கட்டினேன். ஓடாதப்ப ஒண்ணுதான் கட்ட முடிஞ்சிது. எதக் கட்டினேன்னு கேக்கறீங்களா? என் பேர்ல இருந்தத. லீடரு கட்டலன்னா நல்லா இருக்காதில்ல.

அவளும் தப்பு பண்ணவதானா? அடுத்தவளுக்கு வாங்கிக் குடுத்தது தப்பா? தப்புதான் தம்பி. ஆனா அவ எப்படி மாட்டேன்னு சொல்லுவா? யாருக்குக் கடன் குடுக்கலாம்னு லீடரு கையெழுத்துப் போட்டாதான் பைலு நகரும். அவளுக்கு அடுத்தாப்புல மாவு வாங்கறதுக்குக் கடன் வேணும். கேட்டது யாரு, லீடரு. அதயும் சேத்து எழுதுங்க.

நான் அடுத்த கடனுக்குப் போட்ட பைலும் உங்க ஆபீசுலதான் இருக்குது, தெரியும். அத என்னா பண்ணுவாங்கன்னும் தெரியும். நைட்டிக்கு வாங்கிப் போட்டு என்னா ஆவப் போவுது, அதான் பாத்தீங்களே.

இல்ல, அவ அனுப்பல. நான் சொல்றது அவளுக்குத் தெரியாது. அவளாவது சொல்லறதாவது. ஒரு வாட்டி கூட வாயத் தொறந்ததில்ல. பாதிப் பணந்தான் நான் அவளுக்குத் திருப்பிக் குடுத்திருக்கறேன், மீதிய கேட்டதில்ல. அந்தப் பதினோரு வாரமும் இந்தப் பாயில எனக்கு மூணாவதா உக்காந்திருந்தா. பணம் எங்கன்னு ஆபீசரு கேப்பாரு. பேங்க்குல ஒரு வழக்கம் இருக்குது தம்பி, ஆபீசரு நேரா திட்டக் கூடாது. லீடருதான் கேக்கணும். எல்லார் எதுருலயும் கேக்கணும். நான் எழுந்து நின்னு கேட்டேன். என்னா லினெட்டு, வாங்கறப்ப இருந்த வாயி கட்டறப்ப எங்க போச்சின்னு கேட்டேன். உன்னால நாலு குடும்பம் குந்தியிருக்குது, வெக்கமா இல்லியான்னு கேட்டேன். செல்வாம்பாள் உங்ககிட்ட சொன்னாளே அந்தப் பேச்சு, அது அவ பேச்சு இல்ல, நான் சொல்லிக் குடுத்தது. பதினோரு வாரமும் நல்லாவே கேட்டேன். கொஞ்சமா கேட்டா சந்தேகம் வருமில்ல.

அவ என்னா சொன்னாளா? அடுத்த வாரம் கட்டிடறேங்க்கா. அவ்ளோதான். அப்புறம் பாயச் சுருட்டி எங்கிட்ட குடுத்துட்டு மாவு பிசைய போயிடுவா.

எழுதிட்டீங்களா? நான் சொன்னதுன்னு பேரோட போடுங்க. கையெழுத்து வேணுமா? இந்தப் பெரிய போனு கண்ணாடி மேலயேவா, விரல்லயா? சரி, கொஞ்சம் ஆடாம புடிங்க.