மரகதவல்லி அம்மையாரின் ஆணி தோற்கவில்லை

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எலும்பு மருத்துவர் டாக்டர் பத்மஸ்ரீ அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் ரங்கநாத் சார் அவர்களே, மில்லர்புரத்துப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே! வணக்கம்.

மறைந்த பேராசிரியர் முனைவர் மரகதவல்லி அம்மையாரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். அவருடைய ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகள் உடன் வேலை பார்த்தவன் நான். புகழ ஆசைதான். தகுதிதான் இல்லை.

அம்மையார் செய்தது என்ன? வயதானவர்களின் பொலபொலத்துப்போன எலும்பில் ஸ்க்ரூ நிற்காது. உள்ளே போனதும் உடம்பின் ஈரத்தைக் குடித்து, லேசாக உப்பி, எலும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் ஆணியை உருவாக்கினார்! புன்னைக்காயல் பிளாரன்ஸ் அக்காவுக்கு இடுப்பில் போட்ட ஸ்க்ரூ இரண்டு முறை கழன்றது. "டீச்சர், ஒங்க ஆணி எப்ப வரும்? கோயிலுக்கு நடந்து போவணும்லா" என்று கேட்பார். இதோ, இன்னும் சக்கர நாற்காலியில்தான் வந்திருக்கிறார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆடுகளில் சோதனை நடந்தது. பன்னிரண்டு ஆணிகளில் ஒன்பது ஆட்டம் கண்டன. பொருள் சரியில்லை என்று எழுதி நிபுணர் குழு சோதனையை நிறுத்தியது. அம்மையார் யாரைக் குறை சொன்னார்? ஒருவரையும் இல்லை! "ஞானதீபம், என் கலவையிலதான் கோளாறு. ஆனா எங்கன்னு பிடிபடலையே" என்றார் என்னிடம். அதன்பின் நாற்பத்தொரு கலவைகள். அத்தனையும் தன் கையால் செய்தார்.

நண்பர்களே, கலவையில் கோளாறே இல்லை. கோளாறு செய்தவன் நான்!

ஈரம் புகாத ஜாடியில் ஆணிகளை வைக்க வேண்டும். மச்சான் கல்யாணத்துக்கு ஓடிய அவசரத்தில் ஜாடியை மூடாமல் போனேன். ஐப்பசி மாதத்துக் கடற்காற்றில் இரண்டு நாள் கிடந்து, ஆணிகள் அங்கேயே உப்பிவிட்டன. அனுப்புமுன் எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடாமலே பழைய எடையைப் பதிவேட்டில் எழுதினேன். எலும்புக்குள் போய் உப்ப என்ன மிச்சமிருக்கும்?

முடிவு வந்த அன்றே எனக்குச் சந்தேகம். சொன்னேனா? வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் மனம் பொறுக்காமல் அந்த முதல் கலவையை மீண்டும் செய்து, கறிக்கடை எலும்பில் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மையாருக்கு வந்த மாரடைப்பு முந்திக்கொண்டது.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்திட்டு, குழுவுக்கு அனுப்பிவிட்டேன். முதல் கலவையிலிருந்தே சோதனையைத் தொடர்வதாக டாக்டர் பத்மஸ்ரீ உறுதி தந்திருக்கிறார். என்னை விட்டுவைத்தால், ஜாடி கழுவியாவது கூட நிற்பேன். இது என் சத்தியம்!

ரங்கநாத் சார், மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அவர் படத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

மேடம், உங்க ஆணி பிடிச்சிருச்சு.